ராட்சத மட்டிக் குஞ்சுகளுக்குப் பாசி வந்து சேர்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராட்சத மட்டிகளைக் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ப்பவர்கள், கடல் உயிரியல் படிப்பவர்கள், பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ராட்சத மட்டியின் உடம்பில் ஒற்றைச்செல் பாசி குடியிருந்து, வெளிச்சத்தில் தான் செய்யும் சர்க்கரையில் பெரும்பங்கை மட்டிக்குக் கொடுக்கிறது. இந்தக் கூட்டுவாழ்வைப் பற்றியவைதான் கேள்விகள். டிரிடாக்னா, ஹிப்போபஸ் என்ற இரண்டு பேரினங்களுக்கும் இவை பொருந்தும். நாள்கணக்கு இனத்துக்கு இனம் சற்று மாறும். 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரையிலான நீரை வைத்து இங்கே கணக்குச் சொல்லியிருக்கிறோம்.

தாய் மட்டியின் உடம்பு முழுக்கப் பாசி இருக்கிறதே, முட்டையோடு குஞ்சுக்கும் வந்துவிடாதா?

வராது. முட்டையிலும் பாசி இல்லை, விந்திலும் இல்லை. மான்டிபோரா போன்ற சில பவளங்கள் முட்டைக்குள்ளேயே பாசியை வைத்து அனுப்புகின்றன. ராட்சத மட்டி அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டிய பாசியைக் கடல்நீரிலிருந்து புதிதாகத் தேடிக்கொள்ள வேண்டும். டிரிடாக்னா கிகாஸ் இனத்தின் ஒரு பெரிய மட்டி ஒரே தடவையில் கோடிக்கணக்கில் முட்டையிடுகிறது. அத்தனை முட்டையும் வெறும் முட்டைதான்.

பொரிப்பகம் நடத்துபவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான். பாசி தானாக வந்துவிடும் என்று காத்திருந்தால், வடிகட்டிய நீர் ஓடும் தொட்டியில் அது வரவே வராது.

அது என்ன பாசி?

டைனோபிளாஜெல்லேட் வகையைச் சேர்ந்த ஒற்றைச்செல் பாசி. பொதுவாக ஜூசாந்தெல்லே என்பார்கள். முன்பு எல்லாவற்றையும் சிம்பயோடினியம் என்ற ஒரே பேரினத்தில் அடக்கியிருந்தார்கள். 2018இல் அதைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். மட்டிகளில் அதிகம் காணப்படுபவை சிம்பயோடினியம், கிளாடோகோப்பியம், டுருஸ்டினியம் ஆகிய மூன்றும். ஒரே மட்டிக்குள் இரண்டு மூன்று வகைகள் சேர்ந்திருப்பதும் உண்டு.

செல்லின் விட்டம் ஏறத்தாழ 6 முதல் 12 மைக்ரான். மட்டிக்குள் இருக்கும்போது உருண்டையாக, அசையாமல், பொன்பழுப்பு நிறத்தில் இருக்கும். வெளியே வந்தால் இரண்டு கசையிழைகளுடன் நீந்தும் வடிவமும் எடுக்கும். நீந்துவது பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில்தான்.

கடலில் குஞ்சுகளுக்கு இது எங்கே கிடைக்கிறது?

நீரிலும் மணலிலும் தனித்து வாழும் பாசி கொஞ்சம் இருக்கிறது. ஆனால் வளர்ந்த மட்டிகளின் கழிவையும் மறக்கக் கூடாது. மட்டி தன் பாசியில் ஒரு பகுதியை நாள்தோறும் மலத்துடன் வெளியேற்றுகிறது. அந்தச் செல்கள் செத்தவை அல்ல. ஜப்பானில் டிரிடாக்னா குரோசியா மட்டியின் மலத்தைச் சோதித்து 2019இல் வெளியான ஆய்வில், அதிலிருந்த பாசிச் செல்கள் உயிரோடும் ஒளிச்சேர்க்கைத் திறனோடும் இருந்தன. அடுத்த ஆண்டே வந்த இன்னொரு ஆய்வு, மட்டி மலத்தின் வழியாகப் பவளக் குஞ்சுகளுக்கும் பாசி போய்ச் சேர முடியும் என்று காட்டியது.

ஆக, வளர்ந்த மட்டிகள் கூட்டமாக வாழும் பவளத்திட்டில் வந்து இறங்கும் குஞ்சுக்குப் பாசி கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். மட்டிகளை அள்ளித் தீர்த்துவிட்ட திட்டில் முட்டையிட ஆள் இல்லாமல் போவதோடு, இந்த வழியும் அடைபட்டுவிடுகிறது.

எந்த வயதில் குஞ்சு பாசியை விழுங்கும்?

கருவுற்ற முட்டை சுமார் 100 மைக்ரான். ஒரு நாளுக்குள் ட்ரோகோஃபோர் என்ற நீந்தும் லார்வா ஆகிறது. அதற்கு வாய் இன்னும் வேலை செய்யாது. இரண்டாம் நாள்வாக்கில் இரண்டு சிறிய ஓடுகளும் வெலம் என்ற நீந்தும் உறுப்பும் கொண்ட வெலிஜர் ஆகிவிடும். பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில டி எழுத்தின் வடிவம், ஏறத்தாழ 160 மைக்ரான். வாய் திறப்பது இந்தக் கட்டத்தில்தான். வெலத்தின் நுண்மயிர்கள் கொண்டுவந்து தள்ளும் துகள்களோடு பாசிச் செல்லும் வயிற்றுக்குள் போகும்.

ஆறாம் நாளுக்குமேல் கால் முளைத்து, கொஞ்ச நேரம் நீந்துவதும் கொஞ்ச நேரம் தரையில் ஊர்வதுமாக இருக்கும். இது பெடிவெலிஜர், சுமார் 200 மைக்ரான். எட்டாம் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வெலம் உதிர்ந்து உருமாற்றம் முடிகிறது. ஒரே தொட்டியில் ஒரே நாளில் பிறந்தவைகூட ஒன்றாக உருமாறுவதில்லை. பாசி கொடுக்கும் கால அட்டவணை போடும்போது இந்த முன்பின்னைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

வயிற்றுக்குள் பாசி போய்விட்டால் கூட்டுவாழ்வு தொடங்கிவிட்டது என்று கொள்ளலாமா?

கூடாது. புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. ஐந்தாம் நாள் லார்வாவை உருப்பெருக்கியில் பார்த்து, வயிற்றில் நாலைந்து பழுப்பு உருண்டைகள் தெரிந்தவுடன் வேலை முடிந்தது என்று பாசி கொடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அந்த உருண்டைகள் அப்போது விழுங்கப்பட்ட துகள்கள்தான். சில செரிக்கும், சில அப்படியே வெளியே போய்விடும், சில மட்டும் தங்கும்.

பாசி நிலையாகக் குடியேறுவது உருமாற்றத்துக்குப் பிறகு. டிரிடாக்னா ஸ்குவாமோசாவில் 1981இல் நடந்த ஆய்வின்படி, உருமாறி 2 முதல் 9 நாட்களுக்குள் பாசிச் செல்கள் வயிற்றிலிருந்து வளரும் மேலுறைத் திசுவுக்குள் நகர்ந்தன. மேலுறை என்பது ஓடு திறந்திருக்கும்போது வெளியே விரிந்து தெரியும் அந்த வண்ணத் தசை.

லார்வா கட்டத்திலேயே பாசிக்கும் மட்டிக்கும் ஏதோ பரிமாற்றம் தொடங்கிவிடுகிறதா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பொரிப்பக வேலைக்கு அந்த விவாதத்தால் பாதகம் ஒன்றும் இல்லை. உருமாற்றம் முடிந்து சில நாட்கள் வரைக்கும் உயிருள்ள பாசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வயிற்றிலிருந்து மேலுறைக்கு எந்த வழியாகப் போகிறது?

அதற்கென்றே குழாய் அமைப்பு ஒன்று இருக்கிறது. வயிற்றிலிருந்து ஒரு முதன்மைக் குழாய் கிளம்பி, மேலுறை நோக்கிப் போய், கிளை விட்டு, கிளைக்குள் கிளை விட்டு மிக நுண்ணிய முனைக்குழாய்களாக முடிகிறது. பாசி வாழ்வது அந்த முனைக்குழாய்களுக்குள்.

பவளத்தில் பாசி விலங்கின் செல்லுக்குள்ளேயே இருக்கும். மட்டியில் செல்லுக்கு வெளியே, குழாய்க்குள் இருக்கிறது. பெரிய வேறுபாடு இது. 1928-29 பெருந்தடுப்புப் பவளத்திட்டு ஆய்வுப் பயணத்தில் மட்டிகளை ஆராய்ந்த யங், பாசி இரத்த இடைவெளிகளில் இருப்பதாகக் கருதினார். எகிப்திய ஆய்வாளர் மன்சூர் 1946இல், அவை வயிற்றோடு தொடர்புள்ள குழாய்களில் இருப்பதாக எழுதினார். 1992இல் நார்ட்டனும் உடன் பணியாற்றியவர்களும் குழாய் அமைப்பை முழுமையாக விவரித்த பிறகுதான் விஷயம் தெளிவானது. மலத்தில் உயிருள்ள பாசி வருவதற்கும் இதுவே விளக்கம்: குழாயின் மறுமுனை வயிற்றில்தான் திறக்கிறது.

பொரிப்பகத்தில் ஏன் கையால் கொடுக்க வேண்டும்?

லார்வாத் தொட்டிக்கு வரும் நீர் 1 மைக்ரான் வடிகட்டியையும் புற ஊதா விளக்கையும் தாண்டி வருகிறது. பாக்டீரியாவையும் லார்வாவைத் தின்னும் நுண்ணுயிர்களையும் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. அதே ஏற்பாடு 10 மைக்ரான் பாசியையும் தடுத்துவிடுகிறது. நீர் எவ்வளவு சுத்தமோ அவ்வளவுக்குக் குஞ்சு பாசியைச் சந்திக்கும் வாய்ப்பு குறைவு.

பாசிக் கரைசல் எப்படித் தயாரிப்பது?

நல்ல நிறமுள்ள, நோயில்லாத ஒரு மட்டியைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தவரை குஞ்சுகளின் அதே இனமாக இருக்கட்டும். மேலுறையின் ஓரத்திலிருந்து ஒன்றிரண்டு சதுர சென்டிமீட்டர் துண்டு போதும். கூரிய கத்தரியால் சுத்தமாக வெட்டினால் மட்டி பிழைத்துக்கொள்ளும், காயமும் ஆறிவிடும். இதற்காக ஒரு மட்டியைக் கொல்ல வேண்டிய தேவையே இல்லை.

துண்டை 1 மைக்ரானில் வடிகட்டிய கடல்நீரில் அலசிச் சளியைப் போக்குங்கள். கொஞ்சம் வடிகட்டிய கடல்நீரோடு பிளேடால் நறுக்குங்கள், அல்லது மிக்சியில் சில விநாடிகள் மட்டும் ஓட்டுங்கள். அதிகம் ஓட்டினால் பாசிச் செல்லே உடையும், நீரும் சூடேறும். பிறகு 20 முதல் 25 மைக்ரான் வலையில் வடிகட்டுங்கள். திசுத் துணுக்குகள் மேலே நின்றுவிடும், பாசி கீழே இறங்கும்.

அடுத்தது கழுவுதல். நேரமில்லை என்று பலர் விட்டுவிடும் படி இது. வடிகட்டிய கரைசலைக் குறுகிய பாத்திரத்தில் அசைக்காமல் வைத்தால் பழுப்புப் படிவு அடியில் தங்கும். மையவிலக்குக் கருவி இருந்தால் குறைந்த வேகத்தில் சில நிமிடம் சுழற்றலாம். மேலே நிற்கும் கலங்கிய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீர் விட்டு மறுபடியும் படிய வையுங்கள். மேல்நீர் தெளியும்வரை, இரண்டு மூன்று தடவையாவது செய்யுங்கள். அந்தக் கலங்கல் மட்டியின் புரதமும் சளியும்தான். அது தொட்டிக்குள் போனால் ஒரே இரவில் பாக்டீரியா பெருகும். பாசி கொடுத்த மறுநாள் லார்வாக்கள் கொத்தாக அடியில் விழுந்து கிடந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கழுவாத கரைசலைத்தான்.

கடைசியாக ஒரு துளியை உருப்பெருக்கியில் பாருங்கள். செல்கள் உருண்டையாக, ஓரம் தெளிவாக, பொன்பழுப்பாக இருக்க வேண்டும். வெளிறியும் சுருங்கியும் இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு துண்டு எடுங்கள். தயாரித்த கரைசலை அன்றே பயன்படுத்துங்கள். உறையவைத்த பாசி உதவாது.

எவ்வளவு ஊற்றுவது?

எண்ணிப் பார்த்து ஊற்ற வேண்டும். நிறத்தைப் பார்த்துக் கண்ணளவில் ஊற்றினால் ஒரு நாள் பத்து மடங்கு கூடும், ஒரு நாள் பத்து மடங்கு குறையும். இரத்த அணு எண்ணும் கண்ணாடி போதும். அதன் ஒரு சதுர மில்லிமீட்டர் கட்டத்தில் எண்ணியதைப் 10,000ஆல் பெருக்கினால் ஒரு மில்லி லிட்டரில் உள்ள செல்களின் எண்ணிக்கை கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 1,000 லிட்டர் தொட்டியில் மில்லிக்கு 20 செல் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தேவை 2 கோடி செல். கரைசலைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து எண்ணியபோது கட்டத்துக்குச் சராசரி 50 வந்தால், அசல் கரைசலில் மில்லிக்கு 50 லட்சம் செல். ஆகவே 4 மில்லி ஊற்றினால் சரி. லார்வா அடர்த்தி மில்லிக்கு ஒன்று என்றால், ஆளுக்கு 20 செல் வீதம் கிடைக்கிறது. நாலைந்து குப்பிகளில் நீரோடு கலந்து தொட்டியின் பல இடங்களில் ஊற்றுங்கள். ஒரே மூலையில் கொட்டாதீர்கள்.

எந்த நாளில், எத்தனை தடவை?

நான்காம் அல்லது ஐந்தாம் நாளில் தொடங்கி, ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு தடவை வீதம், பெரும்பான்மை உருமாறி முடிந்து ஒரு வாரம் வரை. ஒரே தடவை அதிகமாகக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுப்பதே பலன் தரும். முதல் நாள் விழுங்கியதில் பாதி அடுத்த நாள் வயிற்றில் இருக்காது. மெதுவாக வளரும் குஞ்சுகள் முதல் தவணையைத் தவறவிட்டிருக்கும்.

காலையில் கொடுங்கள், பகல் முழுக்க வெளிச்சம் இருக்கும். காற்றோட்டத்தை மெல்லிய குமிழியாகக் குறையுங்கள். அசையாத செல்கள் தானாகவே தரையில் படியும். பெடிவெலிஜர்களும் அங்கேதான் ஊர்ந்துகொண்டிருக்கும் என்பதால் அது நமக்கு வசதி.

இன்னொன்று: நீர் ஓடும் தொட்டியாக இருந்தால் ஊற்றிய பிறகு சில மணி நேரம் ஓட்டத்தை நிறுத்துங்கள். வெளியேறும் குழாயின் 80, 100 மைக்ரான் வலை லார்வாவைத்தான் தடுக்கும். பாசி அதன் கண்ணி வழியாகத் தாராளமாக வெளியேறிவிடும். எல்லாம் சரியாகச் செய்தும் பாசி பிடிக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பொரிப்பகங்களில் இந்தத் திறந்த குழாய் பல தடவை காரணமாக இருந்திருக்கிறது.

பாசி பிடித்துவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

உருமாறிப் பத்து நாளான குஞ்சுகளில் ஒரு இருபது முப்பதை எடுத்து, 100 முதல் 400 மடங்கு உருப்பெருக்கத்தில் பாருங்கள். ஓடு இன்னும் கண்ணாடிபோலத்தான் இருக்கும், உள்ளே எல்லாம் தெரியும். வயிற்றில் மட்டும் பாசி இருந்தால் செல்கள் ஒரு குழிக்குள் குவிந்து, நுண்மயிர் அடிக்க அடிக்கச் சுழன்றுகொண்டே இருக்கும். குழாய்க்குள் ஏறிவிட்டால் அந்தச் சுழற்சி இருக்காது. வயிற்றுக்கு வெளியே மேலுறையை நோக்கிச் செல்கள் பாசிமணி கோத்ததுபோல் வரிசையாக நிற்கும். அந்த வரிசைதான் அடையாளம்.

நீல ஒளி உருப்பெருக்கி இருந்தால் வேலை இன்னும் எளிது. பாசியின் பச்சையம் சிவப்பாக ஒளிரும், வரிசை பளிச்சென்று தெரியும்.

முப்பதில் எத்தனையில் வரிசை தெரிகிறது என்று குறித்துவையுங்கள். பாதிக்குக் குறைவாக இருந்தால் பாசி கொடுப்பதைத் தொடருங்கள். வரிசை தெரிந்த குஞ்சுக்கு மேலும் கொடுக்கத் தேவையில்லை, உள்ளே இருப்பது தானே பெருகிக்கொள்ளும்.

பாசி இருந்தால் வேறு தீனி வேண்டாமா?

லார்வாவுக்கு இந்தக் கூட்டுவாழ்வுப் பாசி தீனியாகப் போதாது. முட்டையில் இருந்த கொழுப்பை வைத்தே சில நாட்கள் ஓட்டும். ஐசோகிரிசிஸ் போன்ற 5 மைக்ரான் அளவுள்ள நுண்பாசியைச் சிறிதளவு கொடுப்பது வழக்கம். கூடிப்போனால் மிச்சம் அழுகி, பாக்டீரியா பெருகிவிடும். அளவில் கை அடக்கம் தேவை.

குழாயில் பாசி ஏறிய பின் நிலைமை மாறுகிறது. பாசி தான் செய்த சர்க்கரையில், முக்கியமாகக் குளுக்கோஸில், பெரும்பங்கை மட்டிக்கு விட்டுக்கொடுக்கிறது. மேலே சொன்ன 1981 ஆய்வில், துகள் எதுவும் இல்லாதபடி வடிகட்டிய நீரில் வெளிச்சத்தை மட்டும் நம்பி ஸ்குவாமோசா குஞ்சுகள் 10 மாதங்களுக்கு மேல் உயிரோடு வளர்ந்தன. அதற்காகத் துகள் தீனி வீண் என்று நினைத்துவிடக் கூடாது. டிரிடாக்னா கிகாஸில் 1992இல் அளந்தபோது, சிறிய மட்டிகளுக்குத் தேவையான கார்பனில் 65 சதவீதம் நீரை வடிகட்டி உண்பதிலிருந்து வந்தது. பெரியவற்றில் அது 34 சதவீதமாகக் குறைந்தது. சின்ன வயதில் இரண்டும் வேண்டும்.

பாசி ஏறிய பிறகும் குஞ்சுகள் சாகின்றனவே?

முட்டையிலிருந்து ஐந்து மாதக் குஞ்சுவரை நூற்றில் ஒன்று தேறினாலே நல்ல பொரிப்பகம். பாசி ஏறிய பின் நேரும் இழப்புக்குப் பெரும்பாலும் வெளிச்சமும் இழைப்பாசியும்தான் காரணம்.

வெளிச்சம் குறைந்தால் குழாயில் உள்ள பாசி பெருகாது, குஞ்சு வெளிறியே இருக்கும். உச்சி வெயிலைத் திடீரென்று திறந்துவிட்டால் பாசியின் ஒளிச்சேர்க்கை அமைப்பு சேதமாகும். நிழல்வலையை ஒரேயடியாக எடுக்காமல், வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதே வெயிலில் தொட்டித் தரையில் இழைப்பாசி முளைத்து, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குஞ்சுகளை மூடி மூச்சடைக்க வைக்கும். குஞ்சுகள் கையால் எடுக்கும் அளவுக்கு வளரும்வரை தேய்த்துக் கழுவவும் முடியாது. தொடக்கத்திலிருந்தே நிழலைச் சரியாக வைப்பதும், இழை மேயும் சிறிய நத்தைகளைப் பின்னர் விடுவதும்தான் வழி.

நைட்ரஜன் பற்றாக்குறையும் ஒரு காரணம். மிகத் தெளிந்த நீரில் பாசிக்கு நைட்ரஜன் போதாமல் மேலுறை மஞ்சள் தட்டும். சிறிதளவு அம்மோனியம் உப்புக் கொடுத்தால் நிறம் அடர்வதும் வளர்ச்சி கூடுவதும் பசிபிக் பண்ணைகளில் கண்கூடு. ஆனால் பாசி ஏறாத தொட்டியில் அதே உப்பு இழைப்பாசிக்கு மட்டுமே உரமாகும்.

எந்தப் பாசி வகை சிறந்தது? ஆய்வகத்தில் வளர்த்ததைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஆய்வகத்தில் பல ஆண்டு வளர்ந்த வகை, மட்டிக்குள் நன்றாக வாழும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அந்தந்தக் கடலில் செழிப்பாக உள்ள மட்டியிடமிருந்து எடுத்ததே நம்பகமானது. குஞ்சுகளைக் கடலில் விடப்போகிறோம் என்றால் இது இன்னும் முக்கியம். வேற்றுக் கடல் பாசியைக் கொண்டுபோய்த் திட்டில் சேர்க்கக் கூடாது.

வெப்பத்தால் பாசியை இழந்து வெளுத்துப்போன பெரிய மட்டிக்கு மறுபடி பாசி ஊட்ட முடியுமா?

பெரும்பாலும் ஊட்டத் தேவை இல்லை. வெளுத்த மட்டியின் குழாய்கள் சுருங்கிப்போனாலும் கொஞ்சம் பாசி உள்ளே மிஞ்சியிருக்கும். நீர் குளிர்ந்தால் அதுவே பெருகும். 1998 வெப்ப அலையில் ஆஸ்திரேலியாவின் ஆர்ஃபியஸ் தீவில் ஆயிரக்கணக்கான டிரிடாக்னா கிகாஸ் மட்டிகள் வெளுத்தன. பெரும்பாலானவை சில மாதங்களில் நிறம் திரும்பிப் பிழைத்தன. தொட்டியில் வைத்திருப்பவர்கள் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் குறைத்து, நுண்பாசித் தீனி கொடுத்துப் பட்டினியைத் தாண்ட உதவலாம். மேலுறையின் நடுப்பகுதி மட்டும் வெளுத்து ஓரம் பழுப்பாக இருந்தால் நம்பிக்கை அதிகம். மேலுறை சுருங்கி, தொட்டாலும் ஓடு மூடாமல் இருந்தால் அது வெளுப்பைத் தாண்டிய நோய்.

இந்தியாவில் இதைச் செய்யலாமா?

லட்சத்தீவிலும் அந்தமான் நிக்கோபாரிலும் ராட்சத மட்டிகள் உண்டு. இவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. அனுமதி இல்லாமல் எடுப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். மேலுறைத் துண்டு வெட்டுவதற்கும் அனுமதி தேவை. நாடு விட்டு நாடு கொண்டுபோக, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியல் விதிகளும் பொருந்தும், வளர்ப்புக் குஞ்சாக இருந்தாலும் சரி, வெற்று ஓடாக இருந்தாலும் சரி.